ஒதெத் வீட்டு மூன்றாவது வளையம்

மதாம் ஒதெத் பாஷே ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கறியை வேண்டுமென்றே தாமதமாக ஓவனில் வைப்பார். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டுக்குக் கடிகாரமே தேவையில்லை. பன்னிரண்டுக்கு மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலையில் சங்கு ஊதும். ஐந்து நிமிடத்தில் அவர் கணவர் ரெனேயின் காலடி மாடிப்படியில் கேட்கும். அவர் கை கழுவி உட்காரவும் சூப் மேசைக்கு வரவும் சரியாக இருக்கும். ஞாயிறன்று மட்டும் மணி பன்னிரண்டரை தாண்டினாலும் கறி வெந்திருக்காது.

"வாசனை வந்து அரைமணி நேரம் ஆச்சு ஒதெத். அந்தப் பன்னி இன்னும் உயிரோடவா இருக்கு?" என்பார் ரெனே.

"நடுவுல வேகல. நீ பேப்பர் படி."

"பேப்பர்ல செத்தவங்க பேரு வரைக்கும் படிச்சாச்சு. அடுத்தது என் பேருதான் வரணும்."

பன்னிரண்டு இருபதுக்கு அவர்கள் ஊரான மோரேயின் தலைக்கு மேலே, பள்ளத்தாக்கைக் கடக்கும் உயரமான பாலத்தில், பக்கத்து ஊரான சேன்-குளோதிலிருந்து வரும் ரயில் ஓடும் சத்தம் கேட்கும். ஸ்டேஷனிலிருந்து இறங்கி நடந்து வர பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடமும் ஒதெத் சமையலறை ஜன்னலைத் துடைப்பார். அது ஏற்கெனவே துடைத்த ஜன்னல்தான். தெருவில் யாரும் வரவில்லை என்று ஆனபிறகு, "ம், இப்ப வெந்திருக்கும்," என்று சொல்லிக் கறியை வெளியே எடுப்பார்.

அவர் காத்திருந்தது மகன் தியெரிக்காக. இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஈஸ்டர் ஞாயிறன்று அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து லியோன் நகரத்துக்குப் போனவன். கடிதம் இல்லை, தொலைபேசி இல்லை. திரும்பி வந்தால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குத்தான் வருவான் என்பது அவர் கணக்கு.

1987 அக்டோபரில் நான் அந்த வீட்டு மாடியறைக்குக் குடிவந்தேன். எனக்கு இருபத்தொரு வயது. அயர்லாந்திலிருந்து வந்திருந்தேன், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசப் பழக்கும் வேலை. அறையோடு மூன்று வேளைச் சாப்பாடும் என்று பேச்சு. எங்கள் வீட்டில் நாங்கள் ஏழு பிள்ளைகள். உருளைக்கிழங்குச் சட்டி நடுவில் இருக்கும், கை நீளமானவனுக்கு அதிகம் கிடைக்கும். யார் எந்த நாற்காலி என்று கிடையாது, எல்லாருக்கும் நாற்காலியும் கிடையாது. பாதிப் பேர் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு ஓடுவோம்.

அதனால் பாஷே வீட்டு மேசை எனக்கு முதலில் ஒரு கோயில் போல இருந்தது. ஒன்று முடிந்து ஒன்றாக வரும். துருவிய கேரட் தனியாக, கறி தனியாக, பச்சை இலை தனியாக, பிறகு சீஸ், பிறகு பழம். நான் எல்லாவற்றையும் ஒரே தட்டில் குவித்துக்கொள்ளப் பார்த்தபோது ரெனே தன் கையால் தட்டை மறைத்தார்.

"ஏ அயர்லாந்துக்காரி, மெதுவா! யாரும் பிடுங்கிட்டுப் போக மாட்டாங்க."

இரண்டாம் நாள் சீஸை வெட்டச் சொன்னார்கள். நடுவில் மெத்தென்று இருந்த பாகத்தைப் பார்த்து அழகாக ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

"பாத்தியா ஒதெத், வயித்துப் பக்கத்தை அவ சாப்பிட்டுட்டு நமக்குத் தோலை விட்டுட்டா."

"விடு ரெனே, குழந்தை. தோல்ல எல்லாருக்கும் பங்கு வர்ற மாதிரி வெட்டணும்மா, இதோ இப்படி," என்று ஒதெத் கத்தியை என் கையோடு சேர்த்துப் பிடித்து நகர்த்திக் காட்டினார்.

முதல் நாளே இன்னொரு கூத்தும் நடந்திருந்தது. சாப்பிடும்போது மடியில் போட்டுக்கொள்ள எனக்குப் பூப்போட்ட காகிதத் துண்டு ஒன்று கொடுத்திருந்தார்கள். நல்ல பெண்ணாக நடக்க வேண்டும் என்று, சாப்பிட்டு முடித்ததும் அதை நான்காக மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ரெனே சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை.

"அடுத்த வேளைக்கும் வருவேன்னு சொல்லுது பொண்ணு! விருந்தாளி துண்டை மடிக்கக் கூடாதும்மா. மடிச்சா, மறுபடி கூப்பிடுங்கன்னு கேக்கற மாதிரி. வீட்டுக்காரங்கதான் மடிச்சு வைப்பாங்க."

"நான் அடுத்த வேளைக்கு வரத்தானே போறேன், முசியே?"

"அதுவும் சரிதான். ஆனா காகிதத்தை மடிச்ச ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்!"

வீட்டுக்காரர்களின் துண்டோ துணியால் ஆனது. திங்கட்கிழமை வெளுத்தது வரும், அடுத்த ஞாயிறு வரை அதுதான். ஒருவர் துண்டு இன்னொருவருக்குப் போய்விடாமல் இருக்க, சுருட்டி ஆளுக்கொரு மரவளையத்தில் செருகி வைப்பார்கள். ரெனேயின் வளையத்தில் அவர் பெயரின் முதல் எழுத்து சூட்டுக்கோலால் சுட்டிருக்கும், ஒதெத்துடையதில் அவருடையது. சேன்-குளோதில் கடைந்து வாங்கிய மரம், முப்பது வருடக் கைபட்டு வழவழப்பாக இருக்கும். மேசை போடுவது என் வேலை என்று நானே எடுத்துக்கொண்டேன். இழுப்பறையைத் திறந்து இரண்டு வளையங்களை எடுத்து அவரவர் இடத்தில் வைப்பேன். என் இடத்தில் ஒரு காகிதம். காகிதம் வைக்கும்போதெல்லாம் மனசில் எதுவோ லேசாக இடறும். சின்ன விஷயம்தான். ஆனால் ஏழு பிள்ளைகள் வீட்டில் எனக்கென்று ஒரு கரண்டிகூட இருந்ததில்லை.

பிப்ரவரியில் வெந்நீர் இயந்திரம் பழுதுபார்க்க ஒருவர் வந்தார். மதியமாகிவிட்டதால், "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க," என்று ஒதெத் உட்கார வைத்தார். நான் பழக்கத்தில் அவருக்கு ஒரு காகிதத் துண்டு வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன். அவருடையதும் என்னுடையதும் ஒரே நீலப் பூ. அவர் அந்த வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம். நான் வந்து ஐந்து மாதம்.

மறுநாள் காலை எனக்குப் பள்ளியில் வகுப்பு இல்லை. ஒதெத் கடைக்குப் போயிருந்தார். இழுப்பறையின் பின்பக்கம் மூன்றாவது வளையம் இருப்பது எனக்கு முன்பே தெரியும். தியெரியுடையது. அதில் ஒரு துண்டு சுருட்டியபடி இருந்தது. உருவிப் பார்த்தேன். மடிப்பில் மடிப்பாக விறைத்து, பழுப்பேறி, நடுவில் கறிச்சாறு காய்ந்த பெரிய கறை. யாரோ துவைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அந்த அம்மாளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அன்றைய வெளுப்புத் துணியோடு போட்டேன். கறை பிடிவாதமாக இருந்ததால் வெளுக்கும் திரவத்தைக் கூடுதலாக ஊற்றினேன். அலமாரியிலிருந்து சுத்தமான துண்டு ஒன்று எடுத்து அந்த வளையத்தில் செருகி, மதியம் என் இடத்தில் வைத்தேன். கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம், அதனால் கேட்கவில்லை. அதைத்தான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

உட்கார்ந்ததும் முதலில் ரெனேதான் பார்த்தார். என் தட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், ரொட்டியை எடுத்துக் கிள்ள ஆரம்பித்தார். ஒதெத் சூப் பாத்திரத்தோடு வந்து, அதை மேசையில் வைத்துவிட்டு, கை எடுக்காமல் நின்றார்.

"இதுல ஒண்ணு இருந்துதே?"

"கறையா இருந்துது மதாம். காலையில துவைச்சுட்டேன். கொடியில காயுது."

"போச்சா?"

"என்னது?"

"கறை."

"சுத்தமாப் போச்சு!" என்றேன், பாராட்டுக்குக் காத்திருந்து.

அவர் பாத்திரத்திலிருந்து கையை விலக்கினார். பிறகு கரண்டியை எடுத்தார். "நல்லது. அழுக்குத் துணி பூச்சியை இழுக்கும்," என்று சொல்லி முதலில் என் தட்டில் சூப் ஊற்றினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் என் துண்டைச் சுருட்டி வளையத்தில் செருகினேன். ரெனே கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை.

பிற்பகல் மாடியறை ஜன்னலிலிருந்து தோட்டத்தைப் பார்த்தேன். ஒதெத் கொடியில் இருந்த ஒரு துண்டை மட்டும் இரண்டு கையாலும் விரித்து வெயிலுக்கு எதிரே பிடித்துக்கொண்டிருந்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். எதையோ தேடுகிறார் என்று மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை காலை ரெனே கொட்டகையில் விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் அடுக்கிக்கொண்டிருந்தேன். கோடாலியை நிறுத்தாமலேயே சொன்னார்.

"அன்னிக்கு ஈஸ்டர். ஆட்டுத்தொடை. அவன் ஒருத்தியைக் கட்டிக்கப் போறேன்னு சொன்னான். ஜோசியான்னு பேரு. ஏற்கெனவே கல்யாணம் ஆகி முறிஞ்சவ, ஒரு பெண்குழந்தை, இவனைவிட ஆறு வயசு பெரியவ. அந்தப் பொம்பளை என் மேசையில உக்கார மாட்டான்னு நான் சொன்னேன். எந்திரிச்சுட்டான். ஆனா போறதுக்கு முன்னாடி துண்டை மடிச்சு, சுருட்டி, வளையத்துல போட்டு, கையாலயே இழுப்பறையில வச்சுட்டுப் போனான். ஒதெத் அதைப் பாத்துட்டா. மடிச்சு வச்சவன் திரும்பி வருவான்னு ஒரே பிடியா பிடிச்சுக்கிட்டா. என்னைத் தொடவே விட மாட்டா."

நான் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தேன். "எனக்குத் தெரியாது முசியே."

"உனக்கு எப்படித் தெரியும்? அட விடு. எனக்கும் அலுத்துப்போச்சு. ஒரு அழுக்குத் துணியை எத்தனை நாளைக்குக் கும்பிடறது?" என்றவர் அடுத்த கட்டையை வைத்து, பிளக்காமல், கோடாலியை அதன்மேல் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் ஓடிப்போய் வளையத்தை ஒதெத் முன்னால் வைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அழுதேன் என்றும் நினைவு. அவர் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டுப் போ. நீ வச்ச இடத்துலயே இருக்கட்டும். சும்மா கிடந்து யாருக்கு என்ன லாபம்? எடு, மேசை ஈரமாயிருக்கு, மரம் ஊறிடும்."

மறுநாள் ஞாயிறு. பன்னிரண்டு மணிக்குக் கறி மேசையில் இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. "இப்பத்தான் கறி சாறோட இருக்கு, காய்ஞ்சு போகாம," என்று ரெனே புகழ்ந்தார். ஒதெத், "ம்," என்றார். பாலத்தில் ரயில் போகும்போது நாங்கள் இலை சாப்பிட்டுக்கொண்டிருப்போம். ஒதெத் தலை தூக்கமாட்டார். மூன்று நான்கு வாரம் போனபிறகு கவனித்தேன், ரயில் சத்தம் கேட்டதும் ரெனேதான் முள்கரண்டியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய், "மழை வரும்போல," என்பார். மழையே இல்லாத நாளிலும்.

மே மாதம் பதினைந்தாம் தேதி அந்த ரயிலில் தியெரி வந்தான்.

சொல்லாமல் வந்தான். நாங்கள் கறி முடித்து சீஸுக்கு வந்திருந்தோம். வாசல் மணி அடித்தது, நான்தான் கதவைத் திறந்தேன். அப்பாவின் தாடை, அம்மாவின் கண். யாரென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. கையில் ஒரு பூங்கொத்து, மழைக்கோட்டு போட்டிருந்தான். உள்ளே வந்து மேசை ஓரத்தில் நின்றான். ரெனே எழுந்திருக்கவில்லை. சீஸ் கத்தி அவர் கையில் அப்படியே இருந்தது.

"வந்தியா?"

"வந்தேன்ப்பா."

"ரயில்ல கூட்டமா?"

"இல்ல."

ஒதெத் மகனின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, கோட்டை வாங்கி, பூவை வாங்கி, எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் ஒரே நாற்காலியில் போட்டார். "உக்காரு, உக்காரு. கறி ரெண்டு துண்டு இருக்கு, சூடு பண்றேன். முட்டை பொரிக்கட்டுமா?"

"வேண்டாம்மா. ஆறினதே போதும்."

மேசை போடுவது என் வேலை. ஐந்து மாதமா எட்டு மாதமா, கைக்கு அது தானாக வரும். வெளியிலிருந்து ஒருவர் சாப்பிட உட்கார்ந்தால் என்ன வைக்க வேண்டுமோ அதை என் கை வைத்தது: தட்டு, கத்தி, முள்கரண்டி, தம்ளர், நீலப் பூ போட்ட ஒரு காகிதத் துண்டு.

வைத்த பிறகுதான் என்ன வைத்தேன் என்று எனக்கு உறைத்தது. தியெரி காகிதத்தைப் பார்த்தான். பிறகு எதிரே, என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த வளையத்தைப் பார்த்தான். அவன் பெயர் எழுத்து அவன் பக்கமாகவே திரும்பியிருந்தது.

நான் அவசரமாக என் துண்டை உருவி வளையத்தை அவன் பக்கம் தள்ளினேன். அது உருண்டு ரொட்டிக்கூடையில் முட்டி நின்றது.

"ஐயோ, வேண்டாம் மத்மசேல். இது உங்க இடம். நீங்க சாப்பிடுங்க," என்றான், மிக மரியாதையாக. அந்த மரியாதையைவிட அவன் கோபப்பட்டிருக்கலாம்.

ஆறிய கறியைச் சாப்பிட்டான். நன்றாக இருக்கிறது என்றான். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை என்றான். இரண்டு முறை அப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தான். முதல் முறை ரெனே தோட்டத்து உருளைக்கிழங்குக்குப் பூச்சி வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவது முறை அவனே காப்பியை எடுத்துக் குடித்துவிட்டான். மூன்று மணி ரயிலுக்குக் கிளம்பினான். எழுந்திருக்கும்போது காகிதத் துண்டால் வாயைத் துடைத்து, கையில் கசக்கி, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

அவன் போனதும் ஒதெத் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மடிக்கல," என்றார்.

"காகிதம்தானே மதாம். அதை யார் மடிப்பாங்க?"

"யாரும் மடிக்க மாட்டாங்க. நீ ஒருத்திதான் மடிச்சே." கசங்கிய காகிதத்தால் சீஸ் கத்தியை அழுத்தித் துடைத்து, அதை அடுப்பில் போட்டார். "அதைத்தான் நானும் சொல்றேன்."

அவர் என்னைக் கடிந்து பேசியது என்றால் அது ஒன்றுதான்.

ஜூன் முதல் வாரம் ஒரு அச்சடித்த அட்டை வந்தது. மே இருபத்தெட்டாம் தேதி லியோன் நகராட்சி அலுவலகத்தில் தியெரிக்கும் ஜோசியானுக்கும் திருமணம் நடந்தது என்று இருந்தது. நடக்கும் என்று அல்ல, நடந்தது என்று. ரெனே அதைக் கண்ணாடி போட்டுப் படித்தார், கழற்றிவிட்டுப் படித்தார். "பதினைஞ்சாம் தேதி வந்தானே," என்றார். ஒதெத் அட்டையை வாங்கிக் கடிகாரத்தின்மேல் சாய்த்து வைத்தார்.

அந்த மாதக் கடைசியில் நான் ஊருக்குக் கிளம்பியபோது வளையத்தைக் காலி செய்து இழுப்பறையில் வைத்தேன். ஒதெத் அதை எடுத்து என் பையில் போட்டார். "உன்னோடது," என்றார். கொடுத்தாரா, கழித்துக்கட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம்.

இரண்டு வருடத்தில் நான் திரும்பி வந்தேன். சேன்-குளோதில் ஒரு கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். மாதம் ஒருமுறை ஒதெத்தைப் பார்க்கப் போவேன். அவர் யாரோடும் முறித்துக்கொள்கிற ஆள் இல்லை. வருடத்தில் இரண்டு முறை தானே ரயிலேறி லியோனுக்குப் போய் மருமகளோடும் அவள் மகளோடும் சாப்பிட்டுவிட்டு வருவார். "ஜோசியான் நல்லா சமைப்பா, ஆனா எல்லாத்தையும் ஒரே நேரத்துல மேசையில வச்சுடறா, உன்ன மாதிரி," என்பார். ரெனே ஒருமுறைகூடப் போகவில்லை. தியெரியும் அந்த மேசையில் மறுபடி உட்காரவில்லை. அப்பாவின் அடக்கத்துக்கு வந்தவன் கல்லறையிலிருந்தே ஸ்டேஷனுக்குப் போய்விட்டான்.

ஒதெத் போன பிப்ரவரியில், எண்பத்தொன்பது வயதில், போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் காப்பி கொடுத்தார்கள். தியெரிக்கு அப்பாவைப் போலவே தலை வழுக்கை விழுந்திருந்தது. நான் வளையத்தைக் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். அவர் முன்னால் வைத்தேன்.

எடுத்துப் பார்த்தார். எழுத்தின்மேல் விரலை ஓட்டினார்.

"இன்னும் வச்சிருக்கீங்களா!"

"அன்னிக்கு நான் அந்தக் காகிதத்தை வைக்காம இருந்திருந்தா…"

"அதை இன்னுமா நினைச்சுக்கிட்டிருக்கீங்க?" என்று சிரித்தார். "அது இல்ல மதாம். கல்யாணத்துக்கு வாங்கப்பான்னு கூப்பிடத்தான் வந்தேன். ரயில்ல முழுக்க மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். அம்மா ஞாயித்துக்கிழமை ரயில் வந்த பிறகுதான் கறியை எடுப்பாங்கன்னு ஊர்க்காரன் ஒருத்தன் லியோன்ல என்கிட்ட சொல்லியிருந்தான். அதை நம்பித்தான் துணிஞ்சு வந்தேன். வந்து பாத்தா, கறி முடிஞ்சு நீங்க சீஸ்ல இருந்தீங்க." காப்பியை ஒரு வாய் குடித்தார். "சரி, காத்திருந்து காத்திருந்து விட்டுட்டாங்கன்னு நினைச்சேன். அதுவும் நியாயம்தானே?"

கறி ஏன் நேரத்துக்கு வர ஆரம்பித்தது என்று அவருக்குத் தெரியாது. அவருடைய பழைய துண்டை நான் துவைத்த கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அறுபத்தொரு வயது மனிதர், அம்மாவைப் புதைத்துவிட்டு நிற்கிறார். இப்போது சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது? சொல்லவில்லை.

"எடுத்துட்டுப் போங்க," என்றேன். "உங்களுதுதானே."

அவர் வளையத்தை என் பக்கம் மெதுவாகத் தள்ளினார். இந்த முறை அது உருளவில்லை.

"எங்க வீட்ல எல்லாருக்கும் காகிதம்தான், மதாம்," என்றார்.